தூக்கம் சரியில்லன்னா எல்லாருக்கும் ஒரே பிரச்சனை இல்ல

"ராத்திரி தூக்கமே சரியில்லங்க"ன்னு நாலு பேரு சொன்னா நாலு பேருக்கும் உள்ள நடக்குறது வேற வேறயா இருக்கும். ஒருத்தருக்கு படுத்து ரெண்டு மணி நேரம் ஆனாலும் கண்ணு மூடாது. இன்னொருத்தர் தலையணையில தலை வெச்ச உடனே தூங்கிடுவார், எட்டு மணி நேரம் நல்லா தூங்கினேன்னு தான் அவரே சொல்வார், ஆனா மத்தியானம் மீட்டிங்ல உக்காந்தபடியே தூங்கி வழிவார். ஒரு அம்மாவுக்கு படுத்தா போதும் காலுக்குள்ள என்னமோ ஊருற மாதிரி இருக்கும், எழுந்து நடந்தா தான் அடங்கும். காலேஜ் படிக்கிற பையன் விடியக்காலை நாலு மணிக்கு தூங்கி பதினோரு மணிக்கு எழுந்திருப்பான், வீட்ல சோம்பேறின்னு திட்டு வாங்குவான். நாலு பேரும் மெடிக்கல் ஷாப்ல போய் தூக்க மாத்திரை கேட்டாங்கன்னா (டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனாலும் தெரிஞ்சவங்க கிட்ட ரெண்டு வாங்கி போட்டுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு) ஒருத்தருக்கு கொஞ்ச நாளைக்கு உதவலாம், ஒருத்தருக்கு ஆபத்தா கூட முடியலாம். அதனால தான் எது எதுன்னு பிரிச்சு தெரிஞ்சிக்கணும்னு இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

முதல்ல சாதாரண தூக்கம் எப்படி போகுதுன்னு கொஞ்சம் பாத்துடலாம், இது தெரிஞ்சா மிச்சம் எல்லாம் ஈஸியா புரியும். ராத்திரி முழுக்க ஒரே மாதிரி தூங்குறது இல்ல நாம. லேசான தூக்கம், அப்புறம் ஆழ்ந்த தூக்கம், அப்புறம் கனவு நிறைய வர்ற ரெம் தூக்கம்னு ஒரு சுத்து சுமார் 90 நிமிஷம் ஓடும், ராத்திரிக்கு நாலஞ்சு தடவை இப்படி சுத்தும். ஆழ்ந்த தூக்கம் முன்ராத்திரியில அதிகம், ரெம் தூக்கம் விடியற பக்கம் அதிகம். ரெம் தூக்கத்தை 1953ல சிகாகோ யூனிவர்சிட்டில அசெரின்ஸ்கி, க்ளெயிட்மன்னு ரெண்டு பேர் தான் எழுதி வெளிய கொண்டுவந்தாங்க, மூடின இமைக்குள்ள கண்ணு வேகமா ஓடுறதை பாத்து. அந்த நேரத்துல மூளை ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும், ஆனா கை கால் தசை எல்லாத்தையும் மூளையே ஆஃப் பண்ணி வெச்சிடும், கனவுல ஓடினா கட்டில்ல இருந்து ஓடாம இருக்கத்தான். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எந்த பிரச்சனைன்னு பிரிக்க நான் பாக்குறது மூணே கேள்வி தான். தூங்க நேரமும் இடமும் கிடைச்சும் தூக்கம் வர மாட்டேங்குதா? தூக்கம் வருது, ஆனா தூங்கும்போது உடம்புல ஏதோ நடக்குதா? இல்ல தூக்கம் நல்லாவே வருது, வர்ற நேரம் தான் தப்பா? இந்த மூணுலயும் சேராத ஒரு வகை ஆளுங்க உண்டு. ராத்திரி பன்னெண்டரை வரைக்கும் ஃபோன் பாத்துட்டு காலைல அஞ்சரைக்கு அலாரம் வெச்சு எழுந்து, பகல் பூரா டயர்டா இருக்குன்னு சொல்றவங்க. அது வியாதி இல்ல, தூக்கம் பத்தல அவ்வளவு தான். பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேணும். லீவு நாள்ல நல்லா தூங்கி எழுந்தா டயர்டு போயிடுதுன்னா முதல்ல இதை தான் சந்தேகப்படணும்.

இப்போ இன்சோம்னியா, தமிழ்ல தூக்கமின்மை. இதுக்கு அடையாளம் என்னன்னா படுக்க நேரம் இருக்கு, ரூம் அமைதியா இருக்கு, உடம்பும் அசதியா தான் இருக்கு, ஆனா தூக்கம் வராது. இல்லன்னா வந்து நடுராத்திரி முழிப்பு வந்து திரும்ப வராது, இல்லன்னா மூணரை மணிக்கே எழுந்துடுவாங்க. வாரத்துக்கு மூணு ராத்திரியாவது இப்படி ஆகி, மூணு மாசமா தொடர்ந்து, பகல் வேலையும் கெடுதுன்னா அதை நாள்பட்ட தூக்கமின்மைன்னு டாக்டருங்க சொல்வாங்க. பரீட்சை, கடன், வீட்ல சாவு, இப்படி ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கும், அது இயல்பு தான், யாருக்கும் வரும். ஆனா பிரச்சனை தீர்ந்த அப்புறமும் தூக்கம் வராம இருக்குறதுக்கு காரணம் பெரும்பாலும் நாம அதை சமாளிக்க பண்ற வேலைங்க தான். நேத்து தூங்கலயே இன்னைக்கு சீக்கிரம் படுப்போம்னு ஒம்பது மணிக்கே படுக்குறது, மத்தியானம் ரெண்டு மணி நேரம் சாயுறது, படுத்துக்கிட்டே மணி பாத்துட்டே இருக்குறது, இன்னும் நாலு மணி நேரம் தான் இருக்கு ஐயோன்னு கணக்கு போடுறது. கொஞ்ச நாள்ல கட்டிலை பாத்தாலே மூளை உஷாராயிடும், ஹால்ல டிவி முன்னாடி தானா தூங்கினவர் பெட்ரூமுக்கு எழுந்து வந்த உடனே பளிச்சுன்னு முழிச்சிடுவார். இந்த அடையாளம் இருந்தா நெறைய நேரம் இன்சோம்னியா தான்.

இதுக்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லைங்குறதை நிறைய பேர் நம்பவே மாட்டேங்குறாங்க. அமெரிக்க காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்குற டாக்டருங்க அமைப்பு 2016லயே நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல குடுக்க வேண்டியது சிபிடி-ஐன்ற (தூக்கம் பத்தின எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற) பயிற்சி தான்னு சொல்லிட்டாங்க. அதுல மனசை மாத்துற பேச்சும் உண்டு, ஆனா உயிரு இருக்குறது ரெண்டு பழக்கத்துல. ஒண்ணு, தூக்கம் வந்தா மட்டும் படுக்கணும், கொஞ்ச நேரத்துல வரலன்னா எழுந்து வேற ரூம்ல மங்கலான வெளிச்சத்துல உக்காந்துட்டு கண்ணு சொக்கும்போது திரும்பி வரணும், எப்போ தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கணும். ரெண்டாவது, கட்டில்ல இருக்குற நேரத்தையே குறைக்கிறது, ஒம்பது மணி நேரம் படுத்து அஞ்சரை மணி நேரம் தான் தூங்குறீங்கன்னா முதல்ல அஞ்சரை மணி நேரம் மட்டும் படுக்க விட்டு, தூக்கம் கெட்டியான அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க. முதல் ரெண்டு வாரம் கஷ்டமா தான் இருக்கும். லாரி, பஸ் ஓட்டுறவங்க, வலிப்பு இருக்குறவங்க, பைபோலார்ங்குற மனநிலை நோய் இருக்குறவங்க இந்த ரெண்டாவதை தானா வீட்ல பண்ணவே கூடாது, டாக்டர் பாத்துக்கிட்டு தான் பண்ணணும். காபி பத்தியும் ஒரு வார்த்தை, உள்ள போன காஃபீன்ல பாதி கழியவே அஞ்சு ஆறு மணி நேரம் ஆகும், அதனால சாயங்காலம் ஆறு மணி டிகிரி காபி பதினோரு மணிக்கு இன்னும் பாதி உடம்புல தான் இருக்கும்.

அடுத்து நான் ரொம்ப கவலைப்படுறது ஸ்லீப் ஆப்னியா பத்தி, ஏன்னா இது இருக்குறவருக்கு இது இருக்குறதே தெரியாது. தூங்கும்போது தொண்டை தசை தளரும், நாக்கு பின்னாடி சாயும், சிலருக்கு மூச்சுக்குழா மேல் பகுதி அப்படியே ஒட்டிக்கும், நனைஞ்ச பேப்பர் ஸ்ட்ராவை உறிஞ்சினா ஒட்டிக்குமே அது மாதிரி. நெஞ்சு மூச்சுக்கு இழுத்துட்டே இருக்கும் ஆனா காத்து போகாது, ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறிப்போய் ஒரு செகண்ட் எழுப்பிவிடும், பெரிய சத்தத்தோட ஒரு குறட்டை, திரும்ப தூக்கம். அந்த எழுப்பல் காலைல ஞாபகத்துலயே இருக்காது. பத்து செகண்டுக்கு மேல மூச்சு நிக்கிறதையும் நல்லா குறையுறதையும் எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு அஞ்சு தடவைக்கு மேல போனா லேசானது, 15க்கு மேல நடுத்தரம், 30க்கு மேல தீவிரம்னு பிரிப்பாங்க. 30ன்னா யோசிச்சு பாருங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. ராத்திரி முழுக்க.

குறட்டை விடுறவங்க எல்லாருக்கும் இது இருக்காது, ஆனா குறட்டை நடுவுல திடீர்னு சத்தமே இல்லாம நின்னு அப்புறம் திணறி எழும்புற மாதிரி ஒரு சத்தம் வந்தா அது தான் துப்பு. கூடவே காலைல தலைவலி, வாய் காஞ்சு போறது, ராத்திரி ரெண்டு மூணு தடவை யூரின் போக எழுந்திரிக்கிறது (சுகர்னு மட்டும் நெனச்சுட்டு விட்டுடுவாங்க), மூணு மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், எங்க உக்காந்தாலும் தூக்கம். கழுத்து சுத்தளவு 40 சென்டிமீட்டருக்கு மேல, வயசு அம்பதுக்கு மேல, உடம்பு பருமன் இருந்தா வாய்ப்பு அதிகம், ஆனா ஒல்லியா இருக்குறவங்களுக்கு வராதுன்னு இல்ல. முகம், தாடை எலும்பு அமைப்பால ஆசியாக்காரங்களுக்கு வெயிட் ரொம்ப ஏறாமலே வர்றது உண்டு. பொம்பளைங்களுக்கு இது வர்றதை நிறைய தவற விட்டுடுறாங்க, அவங்க குறட்டை பத்தி சொல்ல கூச்சப்படுவாங்க, அசதி, தூக்கம் வரலன்னு தான் சொல்வாங்க, மாதவிடாய் நின்ன அப்புறம் வாய்ப்பு நல்லாவே கூடும். குழந்தைங்களுக்கு டான்சில், மூக்குக்கு பின்னாடி இருக்குற அடினாய்டு சதை வீங்கினா வரும், ஆனா அவங்க பகல்ல தூங்கி வழிய மாட்டாங்க, அதுக்கு பதிலா ஒரு இடத்துல உக்கார மாட்டாங்க, படிப்புல கவனம் இருக்காது, ஸ்கூல்ல சேட்டைக்காரன்னு பேர் வாங்குவாங்க.

பாடகர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில மும்பைல இறந்தப்போ ஆஸ்பத்திரி சொன்ன காரணம் இந்த ஸ்லீப் ஆப்னியா தான், அன்னைக்கு தான் நிறைய பேர் இந்த பேரையே கேட்டாங்க. பிரஷர், பக்கவாதம், இதயத்துடிப்பு தாறுமாறா போறது, ரோட்டுல தூங்கி விபத்து, இது எல்லாத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. இங்க தான் தூக்க மாத்திரையும் சாராயமும் ஆபத்து, ரெண்டும் தொண்டை தசையை இன்னும் தளர வைக்கும், மூளை எழுப்பி விடுற அந்த காப்பாத்துற வேலையையும் மந்தமாக்கும். "ராத்திரி தூக்கம் கெடுது"ன்னு சொன்ன ஒருத்தருக்கு யாரோ குடுத்த மாத்திரை அவருக்கு ஆப்னியா இருந்தா என்ன பண்ணும்னு இப்போ புரிஞ்சிருக்கும். இதுக்கான சிபாப் மெஷினை 1981ல ஆஸ்திரேலியா சிட்னில காலின் சல்லிவன்ங்குற டாக்டர் கொண்டு வந்தார், மாஸ்க் வழியா மெல்லிய அழுத்தத்துல காத்து அனுப்பி தொண்டை ஒட்டாம பாத்துக்கும். மாஸ்க் போட்டுட்டு யாரு தூங்குவாங்கன்னு பயந்து தள்ளிப்போடாதீங்க, அளவு சரியான மாஸ்க் கிடைச்சா பழகிடும், பகல் தெளிவை பாத்துட்டு திரும்ப விட மாட்டேன்னு சொல்றவங்க நிறைய. வெயிட் குறைக்கிறது, பக்கவாட்டுல படுக்குறது, கீழ்த்தாடையை முன்னாடி தள்ளி வெக்கிற பல் கருவி, குழந்தைக்கு டான்சில் ஆபரேஷன், இதெல்லாம் அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி. இன்னொரு வகை உண்டு, தொண்டை திறந்தே இருக்கும், ஆனா மூச்சு விடச் சொல்லி மூளையில இருந்து ஆர்டரே வராது, இதய செயலிழப்பு இருக்குறவங்களுக்கும் மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு வலி மருந்து எடுக்குறவங்களுக்கும் வர்றது, அதுக்கு வைத்தியம் வேற.

ஒருத்தருக்கே இன்சோம்னியாவும் ஆப்னியாவும் சேர்ந்து இருக்கலாம், அது ஒண்ணும் அபூர்வம் இல்ல.

கால் பிரச்சனைக்கு வருவோம். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு, எக்பாம்ங்குற ஸ்வீடன் டாக்டர் 1940கள்ல விவரமா எழுதினதால அவர் பேர்லயும் சொல்வாங்க. காலை ஆட்டியே ஆகணும்னு அடக்க முடியாத உந்துதல், ஊருற மாதிரி, இழுக்குற மாதிரி, உள்ள குடையுற மாதிரி, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்வாங்க. பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. சும்மா இருந்தா வரும், நடந்தா அடங்கும், சாயங்காலமும் ராத்திரியும் தான் ஜாஸ்தி. கெண்டைக்கால் பிடிப்புல தசை கல்லு மாதிரி இறுகி வலி உயிர் போகும், இதுல அப்படி இல்ல. சுகர்னால நரம்பு கெட்டா பாதம் எரியும், மரத்துப் போகும், அது பகல்லயும் இருக்கும், நடந்தாலும் பெருசா அடங்காது. ரெஸ்ட்லெஸ் லெக்ஸுக்கு பெரிய காரணம் இரும்புச்சத்து குறைவு, அதனால கர்ப்பமா இருக்குறவங்க, அதிகமா உதிரப்போக்கு இருக்குற பொண்ணுங்க, டயாலிசிஸ் பண்றவங்களுக்கு நிறைய வரும். ஹீமோகுளோபின் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும் விட்டுடாதீங்க, உடம்புல சேமிப்புல இருக்குற இரும்பை காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் தனியா பாக்கணும், இந்த பிரச்சனை இருக்குறவங்களுக்கு அது 75க்கு கீழ இருந்தாலே இரும்பு குடுக்கலாம்னு வழிகாட்டுதல் இருக்கு. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் இருந்தா சாப்பாட்டுல இருக்குற இரும்பு உடம்புல சேர்றது குறையும், அதையும் கொஞ்சம் தள்ளி வெக்கலாம். சளிக்கும் அலர்ஜிக்கும் போடுற தூக்கம் வர வைக்கிற மாத்திரைங்க, சில வாந்தி மாத்திரை, மன அழுத்தத்துக்கு குடுக்குற சில மாத்திரைங்க இதை கிளப்பிவிடும். கால் குடைச்சல்ல தூக்கம் வரலன்னு அலர்ஜி மாத்திரை போட்டு படுத்தா இன்னும் மோசமாகுறது இதனால தான். டாக்டரை கேக்காம எதையும் நிறுத்தவும் வேண்டாம், ஆனா என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னு அவர் கிட்ட சொல்லணும்.

அந்த காலேஜ் பையன் கதை என்னன்னா அவனுக்கு தூக்கம் கெடவே இல்ல, கடிகாரம் தள்ளிப்போயிருக்கு. மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, வெளிச்சத்தை வெச்சு தினம் தன்னை சரி பண்ணிக்கும், இந்த கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு தான் 2017ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. டீன் ஏஜ்ல இது இயற்கையாவே பின்னாடி தள்ளும், சிலருக்கு ரொம்ப தள்ளிடும். இன்சோம்னியால இருந்து பிரிக்கிறது எப்படின்னா லீவுல அவன் இஷ்டத்துக்கு விட்டா நாலு மணிக்கு படுத்து பன்னெண்டு மணிக்கு ஃப்ரெஷ்ஷா எழுந்திருப்பான், நடுவுல ஒரு முழிப்பும் இருக்காது. திட்டி பிரயோஜனம் இல்ல. எழுந்த உடனே நல்ல வெயில் வெளிச்சம், ராத்திரி வெளிச்சம் கம்மி, டாக்டர் சொல்ற நேரத்துக்கு கொஞ்சம் மெலடோனின் (ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்புக்கு சொல்ற ஹார்மோன்), இப்படி மெதுவா முன்னாடி இழுக்கலாம். சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனில அமெரிக்கா டைம்ல வேலை பாக்குறவங்க, ஆஸ்பத்திரி நர்ஸ், செக்யூரிட்டி, நூல் மில்லுல நைட் ஷிஃப்ட் பாக்குறவங்க எல்லாருக்கும் வர்றது இதோட சொந்தக்காரன், உடம்பு தூங்குன்னு சொல்ற நேரம் வேலை, முழின்னு சொல்ற நேரம் படுக்கை. அவங்களுக்கு பகல்ல ரூமை இருட்டாக்கி, வீட்ல எல்லாரும் அந்த தூக்கத்தை மதிச்சு விடுறது தான் பெரிய உதவி, "பகல்ல என்ன தூக்கம்"னு எழுப்பாதீங்க தயவுசெஞ்சு.

நார்கோலெப்சி அபூர்வம் தான், ஆனா பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள ஆரம்பிச்சு, கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிடுறதால சொல்லியே ஆகணும். ராத்திரி போதுமான அளவு தூங்கியும் பகல்ல அடக்கவே முடியாத தூக்கம் வரும். முழிப்பை நிலையா பிடிச்சு வெக்கிற ஹைப்போக்ரெட்டின்ங்குற மூளை ரசாயனம் (ஓரெக்சின்னும் சொல்வாங்க, 1998ல கண்டுபிடிச்சாங்க) முதல் வகை நார்கோலெப்சில கிட்டத்தட்ட இல்லாமலே போயிடும். அப்போ ரெம் தூக்கத்துல நடக்க வேண்டிய தசை ஆஃப் ஆகுற வேலை முழிச்சிருக்கும்போதே நடக்கும். வாய்விட்டு சிரிச்சா தாடை தொங்கும், முழங்கால் மடங்கும், சிலர் அப்படியே உக்காந்துடுவாங்க, ஆனா நினைவு முழுசா இருக்கும், வலிப்புக்கும் மயக்கத்துக்கும் இதுக்கும் இதான் வித்தியாசம். சிரிச்சா கால் தளருதுன்னு ஒரு பிள்ளை சொன்னா கேலி பண்ணாம நியூராலஜிஸ்ட், அதாவது நரம்பு டாக்டர் கிட்ட கூட்டிட்டு போங்க.

இதே தசை ஆஃப் விஷயம் தான் "பேய் அமுக்குது"ன்னு சொல்றதும். விடியற நேரம் முழிப்பு வந்துடும், ஆனா தசை இன்னும் ஆன் ஆகாது, அசைய முடியாது, பேச வராது, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி, ரூம்ல யாரோ நிக்கிற மாதிரி தெரியும். சில செகண்ட்ல இருந்து ரெண்டு மூணு நிமிஷம், தானா விட்டுடும். தூக்கம் கெட்ட நாள்லயும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். எப்பவாவது வந்தா பயப்பட ஒண்ணும் இல்ல, நிறைய பேருக்கு வர்றது தான்.

இதுக்கு நேர் எதிரா, ரெம் தூக்கத்துல தசை ஆஃப் ஆகாம போனா கனவுல நடக்குறதை கை காலால செஞ்சே காட்டுவாங்க. பெரும்பாலும் அம்பது வயசு தாண்டின ஆம்பளைங்க, யாரோ துரத்துற மாதிரி கனவு, பக்கத்துல படுத்த மனைவிக்கு அடி, இல்ல கட்டில்ல இருந்து குதிச்சு தனக்கே காயம். எழுப்பினா உடனே தெளிவா முழிச்சு கனவை சொல்வாங்க. இதை "கெட்ட கனவு"ன்னு தள்ளிவிடக் கூடாது, ஏன்னா பல பேருக்கு இது பல வருஷம் கழிச்சு வரப்போற பார்க்கின்சன் (கை கால் நடுங்கி, அசைவு மந்தமாகுற மூளை நோய்) மாதிரி நோய்க்கு முன்கூட்டியே தெரியுற அடையாளம், அதனால நியூராலஜிஸ்ட் கட்டாயம் பாக்கணும். அதுவரை கட்டில் பக்கத்துல கண்ணாடி, கூர்மையான சாமான் எதுவும் வேணாம், கொஞ்ச நாள் தனித்தனியா படுத்தாலும் தப்பில்ல.

குழந்தைங்க தூக்கத்துல நடக்குறதும் அலறுறதும் வேற, அது முன்ராத்திரி ஆழ்ந்த தூக்கத்துல பாதி முழிப்பு வந்து நடக்குறது. கண்ணு திறந்திருக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாது, வேர்த்து ஊத்தும், பத்து நிமிஷத்துல திரும்ப தூங்கிடும், காலைல ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. விடியக்காலை அழுதுட்டே எழுந்து கனவை சொல்லுச்சுன்னா அது சாதா கெட்ட கனவு. அலறும்போது உலுக்கி எழுப்பாதீங்க, அடிபடாம பாத்துக்கோங்க, வாசல் கதவை தாழ் போட்டு வைங்க, பெரும்பாலானவங்களுக்கு வளர வளர தானா போயிடும்.

டாக்டர் கிட்ட போகும்போது ரெண்டு விஷயம் கையில இருந்தா பாதி வேலை முடிஞ்சது. ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு எப்போ படுத்தீங்க, சுமாரா எப்போ தூங்கினீங்க, எப்போ எழுந்தீங்க, காபி, பகல் தூக்கம், மாத்திரை இதெல்லாம் எழுதின ஒரு நோட்டு. இன்னொண்ணு, பக்கத்துல படுக்குறவங்க ஃபோன்ல எடுத்த வீடியோ, மூச்சு நிக்கிறதோ கை கால் ஆடுறதோ ஒரு நிமிஷம் இருந்தா போதும். முடிஞ்சா அவங்களையும் கூட்டிட்டு போங்க. குறட்டை, மூச்சு பிரச்சனைன்னா நுரையீரல் டாக்டர் இல்ல ஈஎன்டி, கால் குடைச்சல், பகல் தூக்கம், கனவுல அடிக்கிறதுன்னா நியூராலஜிஸ்ட், தூக்கமே வரலன்னா சைக்யாட்ரிஸ்ட் இல்ல சிபிடி-ஐ தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட். ராத்திரி வயர் ஒட்டி எடுக்குற ஸ்லீப் ஸ்டடி ஆப்னியாவுக்கும் கனவுல கை கால் ஆடுறதுக்கும் முக்கியம், ஆப்னியாவுக்கு மட்டும் வீட்லயே எடுக்குற சின்ன மெஷினும் இருக்கு. நார்கோலெப்சிக்கு அடுத்த நாள் பகல்லயும் படுக்க வெச்சு எவ்ளோ சீக்கிரம் தூங்குறாங்கன்னு பாப்பாங்க. வெறும் தூக்கமின்மைக்கு பெரும்பாலும் ஸ்லீப் ஸ்டடி தேவையே இல்ல, நோட்டு போதும். ஸ்மார்ட் வாட்ச் காட்டுற ஸ்கோரை வெச்சு வியாதி இருக்கு, இல்லன்னு முடிவு பண்ணாதீங்க.

டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும், வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்குற ஆளா இருந்தா, ராத்திரி ஹைவேஸ்ல ஸ்டியரிங்கை வேற யார் கிட்டயாவது குடுத்துடுங்க.